இடப்பக்கத்துப் பதக்கம்

யரம்பில், நியூ சவுத் வேல்ஸ்
6 அக்டோபர் 1987

நெட்டா,

சனிக்கிழமை டிவியில் உன்னைப் பார்த்தேன். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு இத்தனை வருஷம் கழித்து நாடு கொடுத்த வரவேற்பு ஊர்வலம், சிட்னியில். நர்ஸுகள் வரிசை வந்ததும் உன் அண்ணி மார்ஜ்தான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள். "டெஸ், ஓடி வா! நம்ம நெட்டா! அந்த ஓரத்துல பாரு!" நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது. ஆனாலும் பார்த்துவிட்டேன். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, எதிரில் யார் வந்தாலும் ஒதுங்க மாட்டேன் என்கிற அந்த நடை வேறு யாருக்கு வரும்? வேலி பார்க்கப் போகும்போது அப்பா அப்படித்தான் நடப்பார்.

சரி. ஃப்ரீமாண்டிலிலிருந்து சிட்னிக்குப் போகிற ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறது. போகும்போதும் தாண்டியிருப்பாய், வரும்போதும் தாண்டியிருப்பாய். ஒரு போன் கிடையாது. அண்ணன் ஒருத்தன் இங்கே இருக்கிறான், மண்ணோடு மண்ணாகிவிடவில்லை. ஆறு மாசமாக மார்ஜ் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஏப்ரலில் நடந்ததை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று மார்ஜ் சொல்கிறாள். அதையெல்லாம் விட்டுத் தள்ளு. போருக்குப் போனவர்கள் ஊர்வலம் போகிற அடுத்த அன்சாக் நாளுக்கு வா. பெட்ரோல் பங்க் டிரெவர் பாஸ்கோவும் சிட்னிக்குப் போய் வந்தானாம். ஐந்து வருஷமாக அவனிடம்தான் பெட்ரோல் போடுகிறேன், அவன் வியட்நாம் போனவன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவனும் இன்னும் இரண்டு பேரும் அடுத்த ஏப்ரலில் இங்கே நடக்கப்போகிறார்களாம். நீயும் வா.

கோதுமை நன்றாக வந்திருக்கிறது. மழை இப்படியே தள்ளிப்போனால் பிழைத்தோம்.

டெஸ்


ஃப்ரீமாண்டில்
29 அக்டோபர் 1987

டெஸ்,

'ஏப்ரலில் நடந்தது' என்று எழுதியிருக்கிறாய், ஏதோ ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி. என்ன நடந்தது என்று நானே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அவரவர் பதக்கம் நெஞ்சில் இடப்பக்கம். செத்துப்போன அப்பன் பாட்டனுடைய பதக்கத்தைப் பிள்ளைகள் குத்திக்கொண்டால் வலப்பக்கம். யரம்பிலில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் அதே ஊரில் பிறந்தவள், எனக்கும் தெரியும். தெரிந்துதான் என்னுடைய இரண்டையும் இடப்பக்கம் குத்திக்கொண்டு வந்தேன். அவற்றைக் குத்திக்கொண்டு வெளியே வருவதற்கே எனக்குப் பதினாறு வருஷம் ஆனது.

அன்சாக் நாள் காலை, போர் நினைவுத்தூணுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். நீ அப்பாவின் பதக்கங்களோடு நிற்கிறாய், வலப்பக்கம், முறைப்படி. ஊர்வலத்தை வரிசைப்படுத்துகிற கிளாரி பூத்பி சாக்குக்கட்டியும் கையுமாக வருகிறார். யாருடைய டை கோணல், யாருடைய ஷூவில் பாலிஷ் இல்லை என்று வழக்கம்போல ஒவ்வொருவரையும் பிடித்துத் திருத்திக்கொண்டே வருகிறார். என் முன்னால் நின்றார். அப்பாவுடையதை நாம் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம் என்று நினைத்துவிட்டார்.

"பக்கம் மாறிப்போச்சு கண்ணு. உங்கப்பாவோடது வலது பக்கம் வரணும்" என்றார். சொன்னதோடு விட்டாரா? தன் கையாலேயே கழற்றி, தன் கையாலேயே வலப்பக்கம் குத்தினார். "பாரு, கோணாம வெச்சிருக்கேன்" என்று கன்னத்தில் தட்டிவிட்டு, பெண்டுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்கிற கடைசி வரிசைக்கு என்னை அனுப்பினார்.

அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கசாப்புக் கடைக்காரர், ஆனால் குண்டூசி என் மேல் படாமல் எவ்வளவு பக்குவமாகக் குத்தினார் தெரியுமா? அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். வலப்பக்கம் என்றால் செத்தவர்களுக்கு, டெஸ். நான் உயிரோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் வியட்நாம் போனது தெரிந்தால் அம்மாவின் இதயம் தாங்காது என்று அப்பா சொன்னதால், நெட்டா லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்னோம். நானும் ஒத்துக்கொண்டேன். அங்கே வுங் தாவ் வெயிலில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு லண்டன் பனியைப் பற்றி எழுதினேன். அம்மா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த லண்டன் மட்டும் இன்னும் சாகவில்லை. அதை நீதான் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறாய்.

சிட்னியில் ஜனங்கள் எங்கள் மேல் காகிதப்பூவை அள்ளிக் கொட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் சாலைக்குள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். என் ஊரில் என் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏன் உன் ஸ்டேஷனில் இறங்கத் தோன்றவில்லை என்று இப்போது புரிகிறதா?

மார்ஜுக்கு என் அன்பு. அவள் மேல் கோபமில்லை என்று சொல்.

நெட்டா


யரம்பில்
20 டிசம்பர் 1987

நெட்டா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அறுவடை என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஆனால் அறுவடையும்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மார்ஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டதே நான்தான், ஏன் கிளம்புகிறாள் என்று அவள் கேட்டதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கதையும் இப்போது கந்தலாகிவிட்டது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாய். திடுக்கென்று ஆகிவிட்டது, நா எழவில்லை, இப்படி நாலு காரணம் எழுதிக் கிழித்துப்போட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு காலையில்தான் இந்த ஊரில் நான் அப்பாவாக இருக்கிறேன். டோப்ருக் போர்முனையில் அவரோடு கிடந்த கிழவர்கள் என்னைப் பார்த்து, "அடடே, ஜாக் ஹால்டேன் வந்துட்டான்" என்பார்கள். என் இடப்பக்கம் ஒன்றும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை. அன்றைக்கு நீ உன்னுடையதைக் குத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றதும் என் வலப்பக்கம் திடீரென்று இலேசாகிப் போன மாதிரி இருந்தது. கிளாரி கையை நீட்டியபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுதிவிட்டேன். இனி நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கிளாரியிடம் சொல்லிவிடலாம் என்று போன மாசம் அவர் கடைக்குப் போனேன். "என்னடா வேணும்?" என்றார். "ரெண்டு கிலோ சாசேஜ்" என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். மறுபடியும் சாசேஜ். நேற்றோடு நாலு தடவை ஆகிறது. ஃப்ரீசரில் இடமில்லை. "ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவனுக்கு இத்தனை சாசேஜ் எதுக்கு?" என்று மார்ஜ் கேட்கிறாள்.

நீ வா. இந்தத் தடவை பக்கத்திலேயே நின்று நானே சொல்கிறேன். சத்தியமாக.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உங்கள் பெர்த் பக்கம் வெயில் கொளுத்துகிறதாமே.

டெஸ்


ஃப்ரீமாண்டில்
18 ஜனவரி 1988

டெஸ்,

சாசேஜ் வாங்குவதை நிறுத்து.

உன் கடிதத்தில் அந்த ஒரு நொடியைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜை மேல் வீசினேன். பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன். பொய் சொல்லாமல் எழுதியிருக்கிறாய். அதற்காக வருகிறேன்.

ஒரு நிபந்தனை. கசாப்புக் கடையில் கிசுகிசுத்து முடித்துவிடாதே. ஊர்வலக் கமிட்டிக் கூட்டத்திலும் வேண்டாம். எந்த இடத்தில், எந்த ஜனங்கள் முன்னால் என்னை வலப்பக்கம் மாற்றினார்களோ, அதே இடத்தில், அதே ஜனங்கள் முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும். "இது என் தங்கச்சியோடது." மூன்றே வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் குறைந்தாலும் விடமாட்டேன்.

லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி மாலை வந்து இருபத்தாறு காலை திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

நெட்டா


டப்போ, ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
9 ஏப்ரல் 1988

நெட்டா,

கையெழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆண்டவன் மேல் ஆணையாக இது நானாகத் தேடிக்கொண்டது இல்லை.

செவ்வாய்க்கிழமை புது ஆட்டுக்கிடாவைப் பட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தத் திரும்பினேன், பின்னாலிருந்து வந்து முட்டித் தூக்கி எறிந்துவிட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. காலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மே மாசக் கடைசி வரைக்கும் அசையக்கூடாதாம். டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சக்கர நாற்காலியிலாவது என்றேன். "அந்தக் கால் உனக்கு வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதனால் என்னால் வர முடியாது. நீ வராவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் வந்தால் ஒன்று செய். அப்பாவுடையதை மார்ஜிடம் வாங்கிக்கொள். நான் இல்லாமல் அவை டப்பாவுக்குள் கிடக்கப்போவது இதுதான் முதல் தடவை. நீ குத்திக்கொள். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் நீ. நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை உன் கோட்டே சொல்லட்டும்.

கிடாவை விற்கச் சொன்னேன். மார்ஜ் மாட்டேன் என்கிறாள். அதற்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதாம்.

டெஸ்


ஃப்ரீமாண்டில்
15 ஏப்ரல் 1988

டெஸ்,

கிடா முட்டியதா, நீயே போய் அதை முட்டினாயா?

ஒரு நாள் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். வார்டில் எல்லாரும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஸ்டேஷன் வரைக்கும் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "ஊருக்குப் போறீங்களா சிஸ்டர்? அன்சாக் நாளுக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும், அதனால் எழுதுகிறேன். இன்னொரு தடவை யாராவது கை நீட்டி அதைக் கழற்றினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் போகிறேன்.

காலை அசைக்காதே. நர்ஸ் சொல்வதைக் கேள்.

நெட்டா


ரயிலில், பிரோக்கன் ஹில் பக்கம்
26 ஏப்ரல் 1988

என் அருமை டெஸ்,

மார்ஜ் போனில் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தாலும் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியில் அழுதிருப்பாள். அதனால் நான் முழுதாக எழுதுகிறேன். இவ்வளவு பக்கத்தில் வந்தும் டப்போவுக்கு வந்து உன்னைப் பார்க்கவில்லை என்று கோபிக்காதே, லீவு அவ்வளவுதான். ரயில் ஆடுகிறது, எழுத்து உன்னுடையதைவிட மோசமாக இருக்கும்.

நேற்றுக் காலை மார்ஜ் தன் கையால் அப்பாவுடையதை எனக்குக் குத்திவிட்டாள். வலப்பக்கம். ஐந்தும் வரிசையாக, நல்ல கனம். அப்புறம் என்னுடைய இரண்டை நானே குத்திக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்து, கோட்டுக்குள் ஏதோ பெரிய ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. மார்ஜ் என் காலரில் இறந்தவர்கள் நினைவுக்கான ரோஸ்மேரித் தழையைச் செருகிவிட்டு, "போ, எவன் என்ன சொல்றான்னு பாக்கலாம்" என்றாள்.

ஊரே தெருவில்தான் நின்றது. கோதுமைக் கிடங்கிலிருந்து நினைவுத்தூண் வரை இரண்டு பக்கமும் ஜனம். பள்ளிக்கூட பேண்ட் அதே பழைய பாட்டை அதே இடத்தில் தப்பாக வாசித்தது. கிளாரி சாலையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார். முதல் கோடு டோப்ருக் ஆட்கள், இந்த வருஷம் ஆறு பேர்தான். அப்புறம் நியூகினி, அப்புறம் கொரியா, அப்புறம் தீயணைப்பு வண்டி, சாரணர், பள்ளிக்கூடம், பெண்டுகள். வியட்நாம் ஆட்களுக்குக் கோடு எங்கே இருந்தது தெரியுமா? எல்லாருக்கும் பின்னால், பேக்கரிக்கு எதிரில். டிரெவர் பாஸ்கோவும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கோட்டில் நின்றிருந்தார்கள்.

நான் அவர்களை நோக்கி நடந்தேன். நினைவுத்தூணைத் தாண்டும்போது கிளாரி பார்த்துவிட்டார். அதே இடம், டெஸ். அதே பளபளக்கிற ஷூ.

"வந்துட்டியா கண்ணு! டெஸ் கால உடைச்சிக்கிட்டானாமே, பாவம். ஆனா நீ மறுபடியும் பக்கத்த மாத்தி…" என்று சொல்லிக்கொண்டே கையை என் இடப்பக்கம் கொண்டுவந்தார். கொண்டுவந்த கை அப்படியே நின்றது. வலப்பக்கம் பார்த்தார். அப்பாவின் ஆப்பிரிக்கா நட்சத்திரம், டோப்ருக்கில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். அவருக்கு அதைத் தெரியாதா, அவர் மார்பில் இருப்பதும் அதே நட்சத்திரம்தானே? மறுபடியும் இடப்பக்கம் பார்த்தார்.

"இதுதான ஜாக்கோடது?"

"ஆமா மிஸ்டர் பூத்பி. வலது பக்கம் இருக்கறது அப்பாவோடது."

"அப்ப இது யாரோடது?"

இந்த இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும். உன்னைத் திட்டிக்கொண்டே, நீ சொல்ல வேண்டியதை நானே சொன்னேன். "என்னோடது."

"உன்னோடதா? நீ லண்டன்ல இல்ல இருந்த?"

"லண்டன்னு அம்மாவுக்குச் சொன்னோம். நான் இருந்தது வியட்நாம்ல. வுங் தாவ் ராணுவ ஆஸ்பத்திரில."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேண்டில் முரசு அடிக்கிற பெண்கூடக் கோலைக் கீழே இறக்கிவிட்டாள். அப்போது பின்னாலிருந்து 'கிரீச், கிரீச்' என்று ஒரு சத்தம். டிரெவர் பாஸ்கோ நொண்டிக்கொண்டே வந்தான். முழங்காலுக்குக் கீழே இரும்புக்கால், எண்ணெய் போடாமல் விட்டிருக்கிறான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? கட்டு மாத்தும்போது, 'கீழ பாக்காத, கூரையில பல்லி எத்தனை இருக்குன்னு எண்ணு'ன்னு சொல்வாங்களே, அது நீங்கதான?"

எத்தனை பையன்களிடம் சொன்னேனோ, எனக்கு நினைவில்லை. முகங்களே பாதி மறந்துவிட்டது. நம் பையன்கள் அடிபட்டால் வந்து சேர்கிற இடம் அந்த ஒரு ஆஸ்பத்திரிதான். "எல்லாரையும் எண்ணச் சொல்லுவேன். நீ எத்தனை எண்ணின?" என்றேன்.

"எங்க எண்ணினேன்? ஒவ்வொண்ணும் ஓடிட்டே இருந்துச்சு" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. பிறகு கிளாரி பக்கம் திரும்பினான். "கிளாரி, இவங்க ஹால்டேன் சிஸ்டர். கேப்டன் ஹால்டேன். நீங்க என்ன ரேங்க்?"

கிளாரிக்குக் காது இரண்டும் சிவந்துபோனது. அவர் சார்ஜென்ட் என்பது ஊருக்கே தெரியும், அவரே வாரம் ஒரு தடவை சொல்வார். டெஸ், எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. போன வருஷம் ஒரு சார்ஜென்ட் ஒரு கேப்டனின் பதக்கத்தைக் கழற்றிக் கன்னத்தில் தட்டிக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருக்கிறார். கோணல் டையைப் பொறுக்காத மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

குதிகாலைச் சேர்த்தார். எழுபது வயது முதுகு ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்தது. தலையில் தொப்பி இல்லாததால் சல்யூட் இல்லை, அதுவும் விதி, அந்த நேரத்திலும் அவர் மறக்கவில்லை.

"மேடம்" என்றார். கண்ணு இல்லை, டெஸ். மேடம். "ஒவ்வொரு அணிக்கும் ரேங்க்ல மூத்தவங்கதான் முன்னால போகணும். இவங்கள நீங்க நடத்திட்டுப் போங்க."

"சரி சார்ஜென்ட்" என்றேன். "எங்க கோடு பேக்கரிகிட்ட இருக்கு."

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். விறுவிறு என்று அங்கே போனார். பாலிஷ் போட்ட ஷூவாலேயே அதைத் தேய்த்து அழித்தார். திரும்பி வந்து, கொரியா ஆட்களுக்குப் பின்னால், தீயணைப்பு வண்டிக்கு முன்னால், மண்டியிட்டுப் புதுக்கோடு போட்டார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. எழுந்திருக்கச் சிரமப்பட்டார், டிரெவர்தான் கை கொடுத்தான்.

அப்புறம் நடந்தோம். பின்னால் மூன்று பேர், முன்னால் நான். அப்பாவுடையது வலப்பக்கம் கிணுகிணு என்றது, என்னுடையது இடப்பக்கம் கிணுகிணு என்றது, பின்னால் டிரெவரின் கால் தாளம் தப்பாமல் கிரீச்சிட்டது. தபாலாபீஸ் பக்கம் முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு தெரு முழுக்கத் தட்டியது. தபாலாபீஸ் வாசலில் கிழவி மிசஸ் டூலி, "லண்டன்காரி, ஏமாத்திட்டியேடி!" என்று கத்திக்கொண்டே கை தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. சிட்னியில் லட்சம் பேர் கை தட்டியதுகூட எனக்கு இப்படி இல்லை. இவர்களுக்கு என் அம்மாவைத் தெரியும்.

முன்னாள் வீரர்கள் கிளப்பில் முதல் பீர் கிளாரி வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பாதி பீரைக் குடித்துவிட்டு, "டோப்ருக்ல கிடந்தப்ப நான் எங்கம்மாவுக்கு ஜெருசலேம்ல இருக்கேன்னு எழுதினேன். தேவாலயமெல்லாம் பாத்தேன்னு எழுதினேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

அப்பாவுடையதை மார்ஜிடம் கொடுத்துவிட்டேன். அது உன்னுடைய இடம், டெஸ். ஒரு காலைக்கு இரவல் வாங்கினேன், அவ்வளவே. அடுத்த தடவை நீ பக்கத்தில் நிற்க வேண்டும். கிடா எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்.

நெட்டா


டப்போ, ஆஸ்பத்திரி
4 மே 1988

கேப்டன் ஹால்டேன் அவர்களுக்கு,

உன் கடிதத்தை இந்த வார்டு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன். மூன்று வார்த்தை என் வாயால் சொல்ல வேண்டும் என்றாய் அல்லவா? தூணுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை, அந்தக் கடன் அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே ஒருவரையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், தரை துடைக்க வருகிறவர், எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. இன்று காலை நர்ஸ் காய்ச்சல் பார்க்க வந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும் மிஸ்டர் ஹால்டேன், உங்க தங்கச்சி கேப்டன். வாயத் திறங்க" என்று தெர்மாமீட்டரைச் செருகிவிட்டாள்.

சனிக்கிழமை கிளாரி வந்தார். அவ்வளவு தூரம் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே வெளுத்து வாங்கிவிட்டார். "ஏண்டா, நாக்கு எங்கடா போச்சு உனக்கு? கடைக்கு வந்து வந்து நின்னியே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்படித் தலைகுனிஞ்சு நிப்பனா? ஜாக் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து உதைச்சிருப்பான்!" சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். அவர் சொன்னது எல்லாம் நியாயம்தான். போகும்போது ஒரு பொட்டலத்தை என் வயிற்றின் மேல் வைத்தார். சாசேஜ். "உனக்குத்தான் இதுன்னா உயிராச்சே" என்றார்.

நான் படுத்துக்கிடந்து நிறைய யோசித்தேன். உன் ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை. வாழ்நாளில் பார்த்திருக்க வேண்டிய ஒன்று அது, ஒரு கிடாவால் போனது. ஆனாலும் அந்தக் கிணுகிணு சத்தத்தை நீ எழுதியதிலிருந்து எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு நிறைந்துபோய்க் கிடக்கிறேன், நெட்டா. இப்படி எழுத எனக்கு வராது, எழுதிவிட்டேன், கிண்டல் செய்யாதே.

அடுத்த ஏப்ரலில் கம்பு ஊன்றியாவது வருவேன். அதே இடத்தில், அதே ஜனங்கள் முன்னால் அந்த மூன்று வார்த்தையைச் சொல்வேன், ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் சரி. அப்பாவுடையதை நான்தான் குத்திக்கொள்வேன், அதை விட்டுத்தர மாட்டேன்.

நேற்று மார்ஜ் வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "நெட்டாவுக்குப் பிள்ளை குட்டி இல்லியே. அவளுக்குப் பின்னாடி அவளோடத யாரு குத்திக்கிட்டு நடப்பா? நீதான் நடக்கணும்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு முறிந்த காலைவிட அது வலித்தது.

அதனால் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள். என் வலப்பக்கத்தில் அப்பா ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது. உன்னுடையது நான் இருக்கிற வரைக்கும் உன் இடப்பக்கத்திலேயே இருக்கட்டும்.

டெஸ்